சர்ப்ரைஸ்டா, அஸ்டானிஷ்டா? விருந்தினருக்கு எழுதிய ஒரு வரியால் வந்த கேள்வி

தாமரைக்குளம் (ஃப்ளாக், மொரீசியஸ்)

அனைவருக்கும் வணக்கம். கிழக்குக் கரையில் ஒரு விடுதியில், அறைப் பதிவுப் பிரிவில் 11 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சென்ற வாரம் நடந்த ஒன்று மனத்தை விட்டு அகலவில்லை.

இங்கிலாந்திலிருந்து வந்து தங்கிப் போன ஒரு வயதான தம்பதியர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். கடலைப் பார்த்த அறைக்குப் பணம் கட்டியும் தோட்டத்தைப் பார்த்த அறைதான் கிடைத்தது என்பது அவர்கள் முறையீடு. எங்கள் பதிவேட்டிலோ கடலைப் பார்த்த அறை கொடுத்ததாகவே இருந்தது. விசாரித்துச் சொல்கிறோம் என்று பதில் எழுதினேன். அந்தப் பதிலின் முதல் வரி இது: "வீ ஆர் அஸ்டானிஷ்ட் பை யுவர் மெசேஜ்."

மறுநாள் காலையிலேயே பதில் வந்துவிட்டது. "நாங்கள் பொய் சொல்கிறோம் என்கிறீர்களா?" என்று கேட்டிருந்தார்கள். மேலாளர் என்னை அழைத்து, இப்படி எழுதலாமா என்று கடிந்துகொண்டார். நான் மரியாதையாகத்தான் எழுதினேன். பிரெஞ்சு விருந்தினர்களுக்கு எத்தனையோ முறை "நூ சோம் எத்தொனே" என்று எழுதியிருக்கிறேன், ஒருவரும் முகம் சுளித்ததில்லை. அதையேதான் ஆங்கிலத்தில் எழுதினேன்.

மேலாளர் 'சர்ப்ரைஸ்ட்' என்று போட்டிருக்க வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்து என்னிடமுள்ள ஆங்கிலம் தமிழ் அகராதியைப் புரட்டினேன். இரண்டு சொல்லுக்கும் எதிரே 'ஆச்சரியமடைந்த, வியப்புற்ற' என்றுதான் இருக்கிறது. அப்படியானால் என் பிழை எங்கே? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நூல்வண்டு (மாணவி, ரோஸ் ஹில்)

அக்கா, எனக்கும் இதே சொல்லில் அடி விழுந்தது. எஸ்.சி. (ஸ்கூல் சர்ட்டிபிகேட்) மாதிரித் தேர்வுக் கட்டுரையில் 'எ லிட்டில் அஸ்டானிஷ்ட்' என்று எழுதினேன். ஆசிரியை சிவப்பு மையில் அடிக்கோடிட்டுவிட்டார், காரணம் எழுதவில்லை. 'எ லிட்டில் சர்ப்ரைஸ்ட்' சரியாம். நானும் காத்திருக்கிறேன்.

லெ பூஸ் (போர்ட் லூயிஸ்)

இதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. இரண்டும் ஒரே ஏணியின் படிகள். கீழ்ப்படி சர்ப்ரைஸ், அதற்கு மேல் அஸ்டானிஷ், அதற்கும் மேல் அமேஸ். டார்வின் 1872இல் உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பற்றி எழுதிய நூலில் இதை வரிசைப்படுத்தியே சொல்லியிருக்கிறார்: கவனம் திடீரென்று கூர்மையாகும்போது அது சர்ப்ரைஸ் ஆகிறது, அது வளர்ந்து அஸ்டானிஷ்மென்ட் ஆகிறது, பிறகு உறைந்துபோகும் திகைப்பாகிறது. தாமரைக்குளம் அவர்கள் ஒரு படி மேலே ஏறிவிட்டார்கள், அவ்வளவுதான். படியில் 'கொஞ்சம்' என்று ஒன்றும் இல்லாததால்தான் மாணவியின் தொடரும் அடிபட்டது.

மோகா ஆசிரியர்

அம்மா தாமரைக்குளம், நான் 34 ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன். நீங்கள் செய்த பிழை இந்தத் தீவில் பிறந்த எவரும் செய்யக்கூடிய பிழை. நாம் பாடங்களை ஆங்கிலத்தில் எழுதுகிறோம், செய்தித்தாளைப் பிரெஞ்சில் படிக்கிறோம், கடைத்தெருவில் கிரியோல் பேசுகிறோம், கோயிலில் தமிழ் கேட்கிறோம். நாடாளுமன்றத்தின் மொழி ஆங்கிலம் என்று அரசியலமைப்பே சொல்கிறது, அதே வரியில் பிரெஞ்சிலும் பேசலாம் என்று அனுமதியும் கொடுக்கிறது. ஒரு மொழியின் சொல்லை இன்னொரு மொழியின் சட்டைக்குள் நுழைப்பது நமக்குக் கைப்பழக்கம்.

லெ பூஸ் சொன்ன ஏணியை நானும் பல ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். பிறகு விட்டுவிட்டேன். அது தவறு என்பதற்காக அல்ல, அதை மட்டும் கற்ற மாணவர்கள் இந்த அம்மா எழுதியது போலவே எழுதினார்கள் என்பதற்காக.

சர்ப்ரைஸ் என்பது எதிர்பார்ப்போடு கட்டிய சொல். ஒன்றை எதிர்பார்த்தேன், வேறொன்று வந்தது. வந்தது சிறிதாக இருக்கலாம், பெரிதாக இருக்கலாம். அதனால் அதற்கு முன்னே 'கொஞ்சம்' போடலாம், 'மிகவும்' போடலாம். 'நாட் சர்ப்ரைஸ்ட்' என்பது ஆங்கிலேயர் நாள்தோறும் சொல்லும் தொடர். 'நாட் அஸ்டானிஷ்ட்' என்று யாரும் எளிதில் சொல்வதில்லை. பிறந்தநாளுக்கு சர்ப்ரைஸ் விருந்து வைக்கலாம், வகுப்பில் சர்ப்ரைஸ் தேர்வு வைக்கலாம். அங்கெல்லாம் மற்றச் சொல் நுழையவே நுழையாது. ஏனென்றால் அங்கே பேச்சு முழுவதும் முன்கூட்டித் தெரிந்ததா, தெரியாததா என்பதைப் பற்றியது.

அஸ்டானிஷ் அறிவு நின்றுபோகும் இடம். இது எப்படி முடியும் என்று மனம் கேட்டு, பதில் கிடைக்காமல் நிற்கிறது. அதில் 'கொஞ்சம்' நிற்பது என்று இல்லை. மாணவியே, உன் ஆசிரியை அடிக்கோடிட்டதற்குக் காரணம் இதுதான்.

இனிக் கடிதத்துக்கு வருகிறேன். ஒருவர் செயலைக் குறித்து ஆங்கிலேயர் 'ஐ ஆம் அஸ்டானிஷ்ட்' என்று எழுதினால், 'நேர்மையான ஒருவர் இப்படியும் செய்வாரா, என் அறிவுக்கு எட்டவில்லை' என்று பொருள் தொனிக்கும். அவர்கள் செய்தித்தாள்களுக்கு எழுதும் கண்டனக் கடிதங்களில் இந்தச் சொல் அடிக்கடி வரும். உங்கள் விருந்தினர் படித்தது அந்தத் தொனியைத்தான்.

செந்தெனிவாசி (ரீயூனியன்)

எதிர்க்கரையிலிருந்து ஒரு சொல். எங்கள் தீவில் பள்ளி, அலுவலகம் எல்லாமே பிரெஞ்சு. தமிழை நான் வளர்ந்த பிறகு வகுப்புக்குப் போய்க் கற்றேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரெஞ்சு 'எத்தொனே', ஆங்கில 'அஸ்டானிஷ்' இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். லத்தீனில் இடி இடிப்பதைக் குறித்த வினைதான் மூலம். பிரெஞ்சில் இடிக்கு இன்றும் 'தொனேர்' என்றுதானே சொல்கிறோம்? எத்தொனே என்றால் இடி தாக்கியவர். 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாடகங்களில் இந்தச் சொல்லுக்கு அந்த வலிமை முழுமையாக இருந்தது. அரசன் எத்தொனே ஆனான் என்றால் நிலைகுலைந்தான் என்று பொருள். கட்டட வேலையில், ஒரு கல் வளைவு அதிர்ந்து விரிசல் விடுவதற்கும் இதே வினையைப் பயன்படுத்தினார்கள்.

இன்று அந்த இடி தேய்ந்துவிட்டது. 'ஸ மெத்தொனெரே' என்று நாளுக்குப் பத்து முறை சொல்கிறோம். 'அப்படி இருக்காது என்று நினைக்கிறேன்' என்பதுதான் அதன் பொருள். இடியும் இல்லை, மின்னலும் இல்லை. ஆங்கிலத்துக்குப் போன பிள்ளை மட்டும் இடியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. தாமரைக்குளம் அக்கா தேய்ந்த பிள்ளையை அனுப்புவதாக நினைத்து, இடியை அனுப்பிவிட்டார்.

தாமரைக்குளம்

ஐயா, செந்தெனிவாசி, இருவருக்கும் நன்றி. 'தொனேர்' என்ற சொல்லைப் படித்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. நாள்தோறும் வாயில் வரும் சொல்லுக்குள் இடி இருப்பதை இத்தனை ஆண்டுகள் கவனிக்கவில்லை.

லெ பூஸ்

செந்தெனிவாசி சொன்னது என் ஏணியைத்தானே உறுதிப்படுத்துகிறது? இடி என்றால் வலிமை அதிகம், தேய்ந்தால் குறைவு. அளவு வேறுபாடுதான். ஆங்கில அகராதிகளும் அஸ்டானிஷ்ட் என்பதை 'மிகவும் சர்ப்ரைஸ்ட்' என்றே விளக்குகின்றன. ஆசிரியர் ஐயா அளவை மறுத்துவிட்டு வகை வேறு என்கிறார். அதற்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டும்.

மோகா ஆசிரியர்

நியாயமான கேள்வி. இரண்டு தருகிறேன்.

இலண்டனில் இருக்கும் என் தம்பி, 19 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மார்கழி விடியலில் சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வந்து நின்றான். என் வாழ்நாளில் அதைவிடப் பெரிய சர்ப்ரைஸ் இல்லை. கை நடுங்கியது, கண்ணீர் வந்தது. ஆனால் அதில் புரியாதது ஒன்றும் இல்லை. விமானத்தில் ஏறினான், வந்தான். ஏணிக் கணக்குப்படி பார்த்தால் அவ்வளவு பெரிய சர்ப்ரைஸ் தானாகவே அஸ்டானிஷ்மென்ட் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

இன்னொன்று. பாம்பிள்மூஸ் தாவரவியல் தோட்டத்துக்கு வெளிநாட்டினர் எதற்குப் போகிறார்கள்? குளத்தில் மிதக்கும் இராட்சத அல்லி இலைகளைப் பார்க்கத்தான். படத்தில் பார்த்துவிட்டு, வழிகாட்டி நூலில் படித்துவிட்டு, டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். எதிர்பாராதது ஒன்றும் இல்லை. ஆனாலும் குளக்கரைக்கு வந்ததும் வாயடைத்து நிற்கிறார்கள். தைப்பூசக் காவடியும் அப்படியே. நாக்கில் வேல் குத்தியிருப்பார்கள் என்று ஒருவருக்கு முன்பே சொல்லி அழைத்து வாருங்கள். நேரில் கண்டதும் அவர் அஸ்டானிஷ்ட் ஆவார், சர்ப்ரைஸ்ட் ஆகமாட்டார். எதிர்பார்த்ததைக் கண்டே ஒருவர் இப்படி நிற்க முடியும் என்றால், இது வெறும் மேற்படியாக எப்படி இருக்கும்?

அகராதிகள் ஒரு வரியில் சொல்ல வேண்டியவை. பெரும்பாலான இடங்களில் இரண்டும் சேர்ந்தே வருவதால் 'மிகவும் சர்ப்ரைஸ்ட்' என்று எழுதி முடித்துக்கொள்கின்றன. கடிதம் எழுதுகிறவர் அதோடு நிற்க முடியாது.

பழஞ்சொல் (காத்ர் போர்ன்)

ஐயாவின் அல்லி இலையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இந்தப் பிரிவினை தமிழுக்குப் புதிதல்ல.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, சொல்கிறது. அவற்றில் நான்காவது மருட்கை, வியந்து மயங்கி நிற்பது. அது பிறக்கும் இடங்கள் நான்கு: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். முன்பு காணாதது, அளவுக்கு மீறிப் பெரியது, அளவுக்கு மீறிச் சிறியது, ஒன்று வேறொன்றாக மாறுவது. நான்கில் புதுமை ஒன்றுதான் எதிர்பார்ப்பைத் தொடுகிறது. மற்ற மூன்றுக்கும் எதிர்பார்ப்பு தேவையே இல்லை. அல்லி இலை பெருமையால் வந்த மருட்கை. அதே தோட்டத்தில் தாளிப்பனை பல பத்தாண்டுகள் வெறும் ஓலையாக நின்று, வாழ்வில் ஒரே ஒரு முறை பூத்துக் குலுங்கி, காய்த்து, பட்டுப்போகிறதே, அது ஆக்கத்தால் வந்தது.

இதைவிட எனக்குப் பிடித்தது அதற்குத் தொல்காப்பியர் கொடுக்கும் அடைமொழி: 'மதிமை சாலா மருட்கை.' சாலுதல் என்றால் போதுதல். அறிவு போதாமல் போகிற மருட்கை என்று நான் படிக்கிறேன். ஆசிரியர் ஐயா 'அறிவு நின்றுபோகும் இடம்' என்று எழுதியதும் இதுவும் ஒன்றுதான்.

ஆகவே அகராதியில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டது அகராதிக்காரரின் அவசரம், தமிழின் வறுமை அல்ல. அஸ்டானிஷ் என்பதற்குத் திகைப்பு இருக்கிறது, மலைப்பு இருக்கிறது, பிரமிப்பு இருக்கிறது. சர்ப்ரைஸுக்குப் பல இடங்களில் பெயர்ச்சொல்லே வேண்டாம், 'நான் எதிர்பார்க்கவில்லை' என்ற தொடர் போதும். தாமரைக்குளம் அவர்கள் கடிதத்தை முதலில் தமிழில் நினைத்துப் பார்த்திருந்தால், 'உங்கள் கடிதத்தைக் கண்டு திகைத்துப்போனோம்' என்று ஒருபோதும் எழுதியிருக்கமாட்டார். 'இப்படி ஒரு கடிதத்தை எதிர்பார்க்கவில்லை' என்பதைக்கூட இருமுறை யோசித்திருப்பார்.

நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தைப் பிரெஞ்சு வழியாகவே விளக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. இந்தச் சொல்லில் பிரெஞ்சு வழி தவறான வீட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறது, தமிழ் வழி நேராகப் போய்ச் சேர்கிறது. பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கு அது ஆங்கிலத்துக்கும் உதவும் என்று யாராவது சொல்லியிருக்கிறோமா?

நூல்வண்டு

சொல்லவில்லை! நான் ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ் படிக்கிறேன். மருட்கை என்ற சொல்லை இன்றுதான் கேட்கிறேன்.

செவிலி (வாக்வா)

மகப்பேற்றுப் பிரிவில் வேலை செய்பவள் நான். இந்த இரண்டு சொல்லுக்கும் கீழே இன்னொன்று இருக்கிறது, அதையும் சேர்த்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் அதை 'ஸ்டார்ட்டில்' என்கிறோம்.

பிறந்த குழந்தையின் தலையைத் தாங்கியிருக்கும் கையைச் சற்றே தாழ்த்தினால், அது இரு கைகளையும் விரித்து, பிறகு எதையோ கட்டிப் பிடிப்பது போல உள்ளே இழுத்துக்கொள்ளும். மோரோ அனிச்சைச் செயல் என்பார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆவதற்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். ஒரு நாள் வயதுக் குழந்தை திடுக்கிடும். ஆனால் அதற்கு எந்த எதிர்பார்ப்பும் இல்லை, அதனால் சர்ப்ரைஸ் இல்லை. உலகம் இப்படித்தான் இயங்கும் என்ற அறிவும் இல்லை, அதனால் அஸ்டானிஷ்மென்ட் இல்லை. உடல் மட்டும் துள்ளுகிறது. தாமரைக்குளம் மேலே 'தூக்கிவாரிப் போட்டது' என்று எழுதினாரே, அந்தத் தொடரின் பொருள் உடல் துள்ளுவதுதான். நான் நாள்தோறும் கண்ணால் காண்கிறேன்.

லெ பூஸ்

செவிலி அக்கா, நீங்கள் சொன்னதற்கு அதே டார்வினே சாட்சி. இலண்டன் விலங்குக்காட்சிசாலையில் ஒரு நச்சு விரியனின் கூண்டுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, பாம்பு கொத்தினாலும் பின்வாங்கமாட்டேன் என்று உறுதி செய்துகொண்டாராம். கொத்தியதும் ஓரிரு கஜம் பின்னால் துள்ளிவிட்டார். வரப்போவது தெரிந்தே இருந்தது. ஆனாலும் திடுக்கிட்டார்.

ஆசிரியர் ஐயா, என் ஏணியைக் கீழே இறக்கி வைக்கிறேன். அதற்குக் காரணம் உங்கள் அல்லி இலை மட்டுமல்ல, டார்வின் நம் தீவிலேயே விட்டுச்சென்ற ஒரு வரியும்தான். பீகிள் கப்பலில் 1836 ஏப்ரல் 29 அன்று போர்ட் லூயிஸில் இறங்கி, மே 9 வரை இங்கே இருந்தார். நான் பெயராக வைத்துக்கொண்டிருக்கும் லெ பூஸ் மலையிலும் ஏறினார். ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல்கள் 1834இல் வரத் தொடங்கி இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த காலம். நில அளவைத் தலைவராக இருந்த கேப்டன் லாயிட் அவரை ஒரு யானை மீது ஏற்றி அனுப்பினார். அப்போது தீவில் இருந்த ஒரே யானை அது. அந்தப் பயணத்தில் தம்மை மிகவும் 'சர்ப்ரைஸ்' செய்தது அதன் ஓசையற்ற நடை என்று எழுதுகிறார்.

இந்த இடத்தில் அஸ்டானிஷ்ட் என்று போட்டுப் பார்த்தேன். பொருந்தவில்லை. யானையின் உருவத்தைப் பற்றி அந்தச் சொல் வந்திருக்கலாம். ஆனால் அவ்வளவு பெரிய உடம்பு தொம் தொம் என்று அதிரும் என்று எதிர்பார்த்தார், அது பூனைபோல் நடந்தது. எதிர்பார்ப்பு தவறியதற்கு உரிய சொல் அதுதான். ஏணியை வரைந்து காட்டிய அதே கை, சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது படி எண்ணவில்லை.

பழஞ்சொல்

லெ பூஸ், இந்த யானையை வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போகிறேன். மிக்க நன்றி.

டர்பன் வாசகர் (தென்னாப்பிரிக்கா)

இங்கே டர்பனில் எங்கள் தலைமுறைக்கு வீட்டு மொழியே ஆங்கிலமாகிவிட்டது. தமிழை மாமியிடம் கற்றேன். 1611இல் வெளிவந்த பழைய ஆங்கில வேதாகமம் எங்கள் வீட்டில் நாள்தோறும் படிக்கப்பட்டது. அதில் இந்த இரண்டு சொல்லும் வேறு உடையில் நிற்கின்றன.

எரேமியா 48ஆம் அதிகாரத்தில் கோட்டைகள் 'சர்ப்ரைஸ்ட்' ஆயின என்று வரும். சிறுவயதில் கோட்டை எப்படி ஆச்சரியப்படும் என்று குழம்பினேன். பிறகுதான் தெரிந்தது, அங்கே அதன் பொருள் கைப்பற்றப்பட்டன என்பது. மேலிருந்து பாய்ந்து பிடித்தல் என்பது அந்தச் சொல்லின் பழைய பிரெஞ்சு மூலம். பகைவர் எதிர்பாராத நேரத்தில் மேலே விழுவதுதான் முதலில் சர்ப்ரைஸ், மனத்தின் உணர்ச்சி அதற்குப் பின்னால் வந்த பொருள். தானியேல் 4ஆம் அதிகாரத்திலோ, அரசனின் கனவைக் கேட்ட தானியேல் ஒரு மணி நேரம் 'அஸ்டானிட்' ஆக இருந்தான் என்று வரும். அஸ்டானிஷ் என்பதன் பழைய வடிவம் அது. தமிழ் வேதாகமம் அங்கே திகைத்தான் என்கிறது. யாரும் அவனைப் பாய்ந்து பிடிக்கவில்லை. பேச்சற்று உட்கார்ந்திருந்தான்.

செந்தெனிவாசி

டர்பன் வாசகர் சொன்ன 'பிடித்தல்' பிரெஞ்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது. வழியில் மழை பிடித்துக்கொண்டால் மழை எங்களை 'சுர்ப்ரி' செய்தது என்போம்.

இதை வைத்து ஒரு பழைய கதை உண்டு. அகராதி தொகுத்த எமில் லித்ரே வீட்டுப் பணிப்பெண்ணோடு இருந்ததை மனைவி பார்த்துவிட்டாராம். "நான் சுர்ப்ரி ஆகிவிட்டேன்" என்று மனைவி சொல்ல, "இல்லை, சுர்ப்ரி ஆனவர்கள் நாங்கள், நீ எத்தொனே ஆனாய்" என்று திருத்தினாராம். பிடிபட்டவர் ஒருவர், திகைத்தவர் இன்னொருவர்.

மோகா ஆசிரியர்

அதே கதையை ஆங்கிலத்தில் அமெரிக்க அகராதிக்காரர் நோவா வெப்ஸ்டர் மீது ஏற்றிச் சொல்வார்கள். இருவர் மீதும் ஒரே கதை என்றால் இருவருக்கும் நடக்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். செத்துப்போனவர்களின் குடும்ப மானத்தை வைத்து இலக்கணம் நடத்த எனக்கு மனமில்லை, ஆகவே வகுப்பில் ஒருபோதும் சொன்னதில்லை. ஆனால் அதன் பொருட்பிரிவு சரியானது.

செவிலி

மழை பிடிப்பது பற்றிப் பேசுவதால் சொல்கிறேன். 2024 ஜனவரி 15 அன்று பெலால் சூறாவளியின்போது போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் கார்களை அடித்துக்கொண்டு போனதே, அன்று அங்கே சிக்கியவர்களைப் பற்றி 'சர்ப்ரைஸ்ட் பை தி ஃப்ளட்' என்று எழுதினால் வெள்ளம் அவர்களை வளைத்துக்கொண்டது என்று பொருள் வரும். 'அஸ்டானிஷ்ட்' என்று எழுதினால், மாடியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள் என்று ஆகிவிடாதா?

மோகா ஆசிரியர்

ஆகும், அம்மா. அப்படியே வேடிக்கை பார்த்தவர் ஆகிவிடுவார்கள். பாடநூலில்கூட இவ்வளவு கூர்மையான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

தாமரைக்குளம்

இரண்டு நாளாக இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தம்பதியருக்கு மறுபடி எழுத மேலாளர் அனுமதி கொடுத்துவிட்டார். பதிவேட்டையும் மறுபடி பார்த்தோம். அவர்கள் வந்த அன்று பிற்பகலில் கடலைப் பார்த்த அறையில் குழாய் கசிந்ததால் வேறு அறைக்கு மாற்றியிருக்கிறார்கள், மாற்றியதைக் கணினியில் யாரும் பதியவில்லை. அவர்கள் சொன்னது முழு உண்மை. எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது.

புதிய கடிதத்தின் தொடக்கத்தை இப்படி எழுதியிருக்கிறேன்: "உங்களுக்கு நேர்ந்ததற்கு மன்னிப்புக் கோருகிறோம். உங்கள் முதல் கடிதத்தைப் பார்த்து நாங்கள் சர்ப்ரைஸ்ட் ஆனோம், ஏனெனில் எங்கள் பதிவேட்டில் வேறு விதமாக இருந்தது." ஆங்கிலத்தில் 'சர்ப்ரைஸ்ட் அட் யுவர் லெட்டர்' என்று போட்டிருக்கிறேன். சரியா ஐயா?

மோகா ஆசிரியர்

மன்னிப்பை முதலில் வைத்தது நல்லது. இரண்டாவது வரியில் இரண்டு மாற்றம் செய்யுங்கள்.

'அட்' வேண்டாம். 'ஐ ஆம் சர்ப்ரைஸ்ட் அட் யூ' என்பது ஆங்கிலத் தாய்மார் பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் தொடர், 'உன்னிடம் இதை எதிர்பார்க்கவில்லை' என்பது போல. அந்த வாடை இங்கே வந்துவிடும். 'பை' போட்டால் நிகழ்ச்சியைக் குறிக்கும், ஆளைத் தொடாது.

அடுத்தது, சர்ப்ரைஸ் எதன் மேல் விழுகிறது என்று பாருங்கள். இப்போது அவர்கள் கடிதத்தின் மேல் விழுகிறது. உண்மையில் உங்கள் எதிர்பார்ப்பைப் பொய்யாக்கியது அவர்கள் கடிதம் அல்லவே, உங்கள் பதிவேடுதானே? அறை மாறியது அதில் ஏறவில்லை என்பதைக் கண்டுதான் நீங்கள் சர்ப்ரைஸ்ட் ஆனீர்கள். அப்படியே எழுதிவிடுங்கள்.

நூல்வண்டு

அக்கா, அப்படியானால் பதிவேட்டைப் பற்றி அஸ்டானிஷ்ட் என்றே எழுதலாமா? உங்களை நீங்களே கடிந்துகொண்டதாக இருக்குமே?

தாமரைக்குளம்

நல்ல கேள்வி, தங்கை. நானும் அதை யோசித்தேன். ஆனால் அறை மாறியது பதியப்படாமல் போனது எங்களுக்குப் புரியாத மர்மம் அல்ல. அன்று வேலைக்கு ஆள் குறைவு, பதிய மறந்துவிட்டார்கள். எப்படி நடந்தது என்பது நன்றாகவே தெரிகிறது. அந்தச் சொல்லைப் போட்டால், எங்களுக்குத் தெரிந்த காரணத்தைத் தெரியாதது போலக் காட்டுவதாகிவிடும். அதைச் செய்ய எனக்கு விருப்பமில்லை.

ஐயா, 'பை' போட்டுவிட்டேன். பதிவேட்டின் பக்கம் வரியைத் திருப்பிவிட்டேன். கடிதம் இன்று மாலை போகிறது.